காய்ச்சி வடித்த தண்ணீர்

"சுத்தத் தண்ணியப் போய் அழுக்குன்னு காட்டுதே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான் நீலமேகம்.

மணி ஒன்பது. பதினொன்றுக்கு ஆய்வுக் குழு வருகிறது. தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் மூன்று வருடம் மண்டையை உடைத்து அவன் செய்த கருவி அது. டிபன் கேரியர் அளவுதான். அதிலிருந்து நீளும் கண்ணாடி இழையின் நுனியைத் தண்ணீரில் முக்கினால் ஊதா ஒளி பாயும். டீசல், பூச்சிமருந்து என்று அந்த ஒளியில் ஒளிரக்கூடியது எது கண்ணுக்குத் தெரியாத அளவு கலந்திருந்தாலும் திரையில் கோடு மேடாக எழும்பும். வயல்வரப்புக்கே தூக்கிக்கொண்டு போகலாம்.

நேற்று வரை காய்ச்சி வடித்த தண்ணீருக்குக் கோடு சமர்த்தாகப் படுத்திருந்தது. இன்று காலையில் எழுந்து நிற்கிறது.

குழு கைவிரித்தால் வேலை போய்விடும். அப்புறம் பட்டுக்கோட்டையில் மாமனாரின் தேங்காய் மண்டிதான் கதி. அந்த மனிதர் நேரம் பார்த்து போன் செய்தார்.

"மாப்ளே, மட்டை உரிக்கிற ஆள் நின்னுட்டான். உங்க மிஷின் வேலை எப்ப முடியும்?"

"இன்னிக்கே முடிஞ்சிரும் போலருக்கு மாமா."

நுனியில் தூசியாக இருக்கும் என்று ஸ்பிரிட்டால் துடைத்து, கேனில் இருந்த காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசினான். மேடு உயர்ந்தது.

"என்ன சார், மொகமே சரியில்லையே?" என்று வாசலில் நின்றே கேட்டார் ஆய்வகத்தைப் பெருக்கும் நாகம்மாள். நேற்று அவர் கருவிக்குச் சந்தனம் குங்குமம் வைக்க வந்தபோது, "இது என்ன புது பஸ்ஸா, பொட்டு வைக்க? நுனியில தூசி பட்டாலே போச்சும்மா!" என்று விரட்டியிருந்தான். பாவம், அதிலிருந்து கருவிப் பக்கமே அவர் வரவில்லை.

"மிஷினைத் தொட்டீங்களாம்மா?"

"சத்தியமா இல்லீங்க சார். நல்லாக் கழுவிப் பாருங்க, எல்லாம் சரியாயிரும்."

அதுவும் சரிதான் என்று கண்ணாடிக் குவளைகள் அத்தனையையும் அதே கேன் தண்ணீரில் இரண்டு முறை கழுவினான். மேடு குன்றாயிற்று. கைவசமிருந்த ஒரே புது இழையை எடுத்து, அதையும் மூன்று தடவை அலசி மாட்டினான். குன்று மலையாயிற்று.

வெளி வெளிச்சம் புகுந்திருக்குமோ? ஜன்னலைச் சாத்தி, கறுப்புத் துணியைப் போர்த்தி, அதற்குள் தலையையும் விட்டான். வியர்வை கண்ணில் வழிந்தது. குழுத் தலைவி பேராசிரியர் சந்திரலேகா உள்ளே வந்தபோது கண்டது அவன் முதுகைத்தான்.

"உள்ள யாருங்க?"

நீலமேகம் துணியை உதறிவிட்டுக் கும்பிட்டான்.

"இந்தாங்க, இதுல காட்டுங்க" என்று மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலை நீட்டினார் அவர். வந்தவருக்கு மரியாதையாக, குவளையைக் கேன் தண்ணீரில் இன்னும் ஒருமுறை பளபளவென்று அலசிவிட்டுத்தான் அதில் ஊற்றினான்.

மலை.

"சீல் உடைக்காத பாட்டில்ல டீசலா?"

"இருக்கலாம் மேடம்..."

"கார்ல வரும்போது இதே கம்பெனித் தண்ணியத்தானே குடிச்சேன்!"

பதறிப்போய், வாய்க்காலில் பிடித்து வைத்திருந்த பாட்டிலுக்குள் இழையை நேராக விட்டான். கோடு தாழ்ந்தது.

"வாய்க்கால் தண்ணி இதைவிடச் சுத்தமா இருக்கே! போதும், இந்தத் திட்டத்தை முடிச்சுக்கலாம்" என்று பேனாவை மூடினார் சந்திரலேகா.

கார் கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டது. நீலமேகம் கருவியின் வயரைச் சுருட்டினான். மூன்று வருட உழைப்பை அட்டைப் பெட்டிக்குள் வைக்கக் கை வரவில்லை. இனி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

நாகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மன்னிச்சிருங்க சார். என் வேண்டுதல் பலிக்காமப் போச்சு."

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க?"

"மிஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாதுன்னுட்டீங்க. நல்ல காரியமாச்சே, மனசு கேக்கலை. அதான் காலையில, நீங்க கழுவுற தண்ணிக் கேன்ல சாமிய வேண்டிக்கிட்டு ஒரு சிட்டிகை மஞ்சப்பொடி போட்டேன். கண்ணுக்குக்கூடத் தெரியல சார், அவ்வளவு கொஞ்சம்."