செட்டிங்ஸ் அண்ணாச்சி அழித்த ஒரு வரி

செட்டிங்ஸ் அண்ணாச்சியைப் போல அடக்கமான விருந்தாளி தூத்துக்குடி ஜில்லாவிலேயே கிடையாது. அவரைப் போல வீட்டுக்காரர்களைப் பாடாய்ப் படுத்திய விருந்தாளியும் கிடையாது. வேர்த்து ஊற்றினாலும் ஃபேனைப் போடச் சொல்ல மாட்டார். குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் வாயைத் திறக்க மாட்டார். கேட்டால், "அது சர்வர் பக்கத்து செட்டிங், வீட்டுக்காரன் பாடு. நாம தொடப்படாது" என்பார். அவர் சாப்பிட வந்த அன்றெல்லாம், சாப்பாடு நன்றாக இருந்ததா இல்லையா என்று தெரியாமல் என் மனைவி அழாத குறைதான்.

மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுக்காரர்கள் சங்கத்தில் படகுகள் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் குமாஸ்தா நான். அங்கே கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவர் அண்ணாச்சி. படகு விவரமெல்லாம் உள்ளறையில் சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டரில் இருந்தன. என் மேஜைக் கம்ப்யூட்டர் அதனிடம் கேட்டு வாங்கி டோக்கன் அடிக்கும். எப்படிப் போய்க் கேட்பது என்பது என் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஃபைலில் இருக்கும். அந்த ஃபைலில் எது இருக்கலாம், எது கூடாது என்பதுதான் அவருடைய வாழ்நாள் கவலை.

"எங்க போறோம், எந்த வாசல், யாரு வந்திருக்கோம். இவ்வளவுதான் எழுதணும். எத்தன பேரு வரலாம், எவ்வளவு மெமரிங்கதெல்லாம் வீட்டுக்காரன் பாடு."

பாஸ்வேர்டை அதில் எழுதவே விட மாட்டார். சங்கச் செயலாளர் அதை மறந்துவிட்டு தினமும் வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் கேட்பார். வீதியில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம் ஆனதுதான் மிச்சம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம் அண்ணாச்சிக்குச் சுத்தம் செய்யும் வெறி வந்தது. ஃபைலைத் திறந்தார்.

"எந்த எழுத்துல பேசணும்னு ஒரு வரி கெடக்கு. அத வீட்டுக்காரன், அந்தச் சர்வர்லா முடிவு பண்ணணும்" என்று அழித்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

தடை நீங்கிய காலை. கரை முழுக்க ஐஸும் டீசலும் ஏறிக்கொண்டிருந்தன. நான் டோக்கன் அடித்தேன். இங்கிலீஷில் பெயர் வைத்த படகுகளுக்கெல்லாம் ஒழுங்காக வந்தது. தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் வெறும் கேள்விக்குறிகள்.

"ஏலே, இது எம் போட்டா, ஒம் போட்டா?" என்று ஆளாளுக்குத் தாளைத் திருப்பிப் பார்த்தார்கள். டோக்கனில் பெயர் இல்லாத படகை விட முடியாது என்றார் துறைமுகக் கேட்டுக்காரர். இங்கிலீஷ் படகுகள் மட்டும் ஜம்மென்று கிளம்பின.

ரெஜினா அக்காவுக்கு இருந்தது ஒரே படகு, 'அலங்கார மாதா'. தடைக்காலம் முழுக்கக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தவர். அவர் படகு ஆட்கள், கிளம்புகிற படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யக்கா, இன்னும் செத்த நேரம் பாப்போம். இல்லன்னா வேற போட்டுல ஏறிருவோம். கோவிச்சுக்கிடாதிய" என்றான் டிரைவர். ஆள் போய்விட்டால் அன்றைய கடல் போச்சு. போன ஆள் திரும்பி வருவான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

செயலாளர் பிரிண்டரை ஓங்கித் தட்டினார். யாரோ அதற்குச் சூடம் காட்டச் சொன்னார்கள். அண்ணாச்சி மட்டும் கேள்விக்குறிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பு எம்மேலதான்" என்றார். "சர்வர்காரன் தமிழ்லதான் வச்சிருக்கான். எனக்குத் தமிழ் வேணும்னு நாமதான் கேக்கணும். கேக்கலன்னா, இவனுக்குத் தமிழ் தெரியாதுன்னு அவனா நெனச்சுக்கிடுதான்."

அழித்த வரியைத் திரும்ப எழுதினார். அடுத்த டோக்கனில் 'அலங்கார மாதா' முழுசாக வந்தது. நான் எழுந்திருப்பதற்குள் அதைப் பிடுங்கிக்கொண்டு அண்ணாச்சி ஓடினார். செருப்பு ஒன்று வாசலிலேயே நின்றுவிட்டது. டிரைவர் அடுத்த படகில் ஒரு காலை வைத்திருந்த நேரம்.

"எறங்குல" என்றார் அண்ணாச்சி மூச்சு வாங்க. யாரையும் எதுவும் கேட்காத மனுஷன் கை கூப்பி நின்றார். "எனக்காக எறங்குல."

டிரைவர் இறங்கினான். படகு கண்ணுக்கு மறையும் வரை அண்ணாச்சி ஒற்றைச் செருப்போடு நின்றார்.

சாயங்காலம் சங்கத்தில் கூட்டம். இந்த ஆளை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்று செயலாளர் கேட்டார். மீன் இறக்கிய கையோடு வந்திருந்த ரெஜினா அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"அவரு இருக்கட்டும். தப்பு பண்ணுனா ஒளியாம ஓடி வாராருல்லா."

அதையேதான் நானும் சொல்ல எழுந்திருந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.