பத்தாவது அவதாரத்தின் பாத தீர்த்தம்

முதல் எலெக்‌ஷன் முடிந்த வருஷம், உப்பூருக்குப் பத்தாவது அவதாரம் வந்து சேர்ந்தது. வெள்ளைக் குதிரையில் வரவேண்டியவர் தொண்டி பஸ்ஸில் வந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊரையே குளிர்காய்ச்சல் உலுக்கிக்கொண்டிருந்த நேரம். சாமியின் பாதம் கழுவிய தீர்த்தத்தை மூன்று நாள் குடித்தால் காய்ச்சல் விட்டுவிடுகிறதாம். திருப்பாலைக்குடியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

சாமி தங்கியிருந்த மடத்தில், சீடன் ஒருவன் திரைக்குப் பின்னாலிருந்து குடத்தைக் கொண்டுவந்து பாதத்தில் ஊற்றுவான். வழிந்ததைப் பிடித்துக் குடித்தால் வேப்பங்காயாகக் கசக்கும்.

"கசக்குறது தீர்த்தமில்லை, உன் பாவம்" என்பார் சாமி.

குடித்தபின் காதில் இரைச்சல் கேட்டால் அது ஓங்காரம். இரண்டு காதும் அடைத்துப்போனவர்களைப் பரம பக்தர்கள் என்று முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

வீரலட்சுமியின் கணவன் நாகநாதனுக்கும் காய்ச்சல் விட்டது. குருவே தெய்வம் என்று சொல்லி, கண்மாயோரத்து நிலத்தை மடத்துக்கு எழுதிவைக்க நாள் குறித்துவிட்டான். அவர்களுக்கு இருந்ததே அந்த நிலம்தான்.

அவன் வாங்கிவந்த தீர்த்தத்தை வீரலட்சுமி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால், இதே காய்ச்சலோடு ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குடித்த மருந்து. அதே கசப்பு. அப்போதும் காது இரைந்தது.

"ஏங்க, இது கொயினா மருந்துங்க. ஆஸ்பத்திரியில சும்மா குடுக்குறாக."

"வாயக் கழுவு. குருவப் பழிச்சா நாக்கு அழுகிப்போகும்."

பத்திரத்துக்கு முந்தின நாள் காலை. கூட்டம் நெரிந்தது. வீரலட்சுமி ஒரு டம்ளர் தீர்த்தம் வாங்கி, குடிக்காமல் சாமியிடமே நீட்டினாள்.

"சாமி, இதுல கசக்குறது குடிக்கிறவுக பாவந்தானே?"

"ஆமாம் மகளே."

"நீங்க அவதாரம். பாவமே கிடையாது. உங்க வாய்க்கு இனிக்கணுமே. ஒரு மடக்குக் குடிங்க, நாங்க பாக்குறோம்."

சாமி சீடனைப் பார்த்தார். சீடன் கூரையைப் பார்த்தான்.

நாகநாதன்தான் முந்திக்கொண்டு கும்பிட்டான். "குடிங்க சாமி. இவ வாய் அடையட்டும்."

சாமி குடித்தார். சிரிக்கத்தான் பார்த்தார். முகம் கோணியது, கண்ணில் நீர் முட்டியது, கடைசியில் காவித் துண்டில் துப்பிவிட்டார்.

"அப்படி என்ன பாவம் சாமி பண்ணுனீக?" என்று கேட்டாள் வீரலட்சுமி.

நாகநாதன் எழுந்து திரைக்குப் பின்னால் போனான். திரும்பி வந்தபோது அவன் கையில் இரண்டு கொயினாப் பொடி டப்பாக்கள் இருந்தன. மனைவியின் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூசியது. டப்பாக்களைக் கூட்டத்தின் நடுவில் வைத்தான். பொழுது சாய்வதற்குள் மடம் காலி.

பத்திரம் நின்றது, நிலம் தப்பியது. ஆனால் முன்வரிசைப் பொன்னுச்சாமிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "நம்ம பாவத்தையெல்லாம் வாங்கிக்கிட்டதுனால சாமிக்குக் கசந்திருக்குமோ?" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள்.

குளிர்காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு. இந்தக் காய்ச்சலுக்குச் சொந்த மூளைதான் மருந்து. அது யார் காலைக் கழுவினாலும் கிடைக்காது.