தங்கராஜுவுக்குக் கோதுமை ஆகாது

கேசரி வந்துவிட்டது.

வெள்ளித் தட்டில், முந்திரி பதித்து, நெய் மினுங்க, ஒரு சின்ன மலையாக வந்து தங்கராஜுவின் முழங்காலுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்தது. பக்கத்தில் இரண்டு துண்டு கேக். ஓரத்தில், அழையாமல் வந்துவிட்டதுபோல் ஒரு வாழைப்பழம்.

தங்கராஜு வாழைப்பழத்தை எடுத்து உரித்தார்.

"என்னங்க," என்றாள் அன்னம்மா, உதடு அசையாமல். "கேசரியில ஒரு வாய் வைங்க. அந்தம்மா உங்க தட்டையே பாக்குது."

"ஒரு வாய் வச்சா ரெண்டு நாள் படுக்கை. தெரியுமில்ல?"

"தெரியும். மூஞ்சியையாவது கொஞ்சம் சிரிச்சாப்பல வைங்க."

பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரத் தட்டு வந்தபடியே உள்ளே திரும்பிப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெண் பிடிக்கவில்லை. வாயால் சொல்ல வேண்டியதில்லை, தட்டே சொல்லிவிடும்.

தங்கராஜு துறைமுகத்தில் ஸ்டோர் கிராணி, அதாவது கிடங்குக் குமாஸ்தா. நாலைந்து வருஷமாகத் தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாமல், சட்டை கொடியில் தொங்குவதுபோல் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட இருமாத அந்த மனிதருக்குக் காசநோய் என்று சிராங்கூன் ரோடு முழுக்க முடிவு கட்டியது. மகன் தனபாலுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் அப்படித்தான் கழன்றுகொண்டன. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர், தொண்டை வழியாகக் குழாயை இறக்கிக் குடலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "சீலியாக்" என்றார். கோதுமையும் பார்லியும் இந்தக் குடலுக்கு விஷம், ஆயுள் முழுக்கத் தொடக் கூடாது, சோறு தாராளமாகச் சாப்பிடலாம் என்றார்.

கோதுமையை விட்ட எட்டு மாதத்தில் தங்கராஜுவுக்குக் கன்னம் வந்தது. சட்டைக்குள் ஆள் வந்தது. நடுவில் ஒருநாள் நெய்னா முகம்மது கடையில் பரோட்டா வாசனைக்கு மயங்கி ஒன்றே ஒன்று சாப்பிட்டுப் பார்த்தார். இரண்டு நாள் கழித்துத்தான் எழுந்து உட்கார முடிந்தது. பத்தியம்கூடப் பழகிவிட்டது. பழகாதது, அதை ஊருக்கு விளக்கிச் சொல்வது. சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போதெல்லாம் யாராவது "உடம்புக்கு என்ன?" என்று ஆரம்பித்தாலே அவருக்குக் கொட்டாவி வந்தது.

"சம்பந்தம் பேசி முடிக்கிற வரைக்கும் இதப்பத்தி மூச்சு விடாதீங்க," என்று அன்னம்மா கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். "பேரு தெரியாத வியாதின்னா, வம்சத்துக்கே வியாதிம்பாங்க."

தனபால் டாக்சியில் ஒன்றுதான் சொன்னான். "அப்பா, ரெண்டு போயிடுச்சு, நான் ஒண்ணும் சொல்லல. இது மட்டும் கெட்டுடக் கூடாதுப்பா. ப்ளீஸ் லா." அவனும் பார்க்கப் போகிற பெண் பாக்கியலட்சுமியும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள். மற்றதைத் தங்கராஜு கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவன் முகம் ரகசியமாக இல்லை.

அப்படித்தான் காத்தோங்கில், சிலோன் ரோட்டில், பெண்ணின் தகப்பனார் இராமசாமியின் ஹாலில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இராமசாமி ஒரு சங்கத்துக்குத் தலைவர், இரண்டு சங்கங்களுக்குச் செயலாளர், தலைவராக முடியாத சங்கங்களுக்கெல்லாம் ஆலோசகர். மேடையில் பேசிப் பேசி, வீட்டிலும் எதிரே மைக் இருப்பதாகவே நினைத்துப் பேசுவார். ஹால் நடுவில் புது டெலிவிஷன் பெட்டி, பட்டுத் துணி போர்த்தி, மாலை போட்டு இருந்தது. பகலில் அதில் ஒன்றும் வராது. ஆனாலும் நாற்காலிகள் எல்லாம் அதைப் பார்த்தே போடப்பட்டிருந்தன.

"தாங்கள் கேசரியைத் தீண்டவில்லையே, நண்பரே!" என்றார் இராமசாமி.

தங்கராஜு வாழைப்பழத்தை மென்றுகொண்டிருந்தார். அன்னம்மா முந்திக்கொண்டாள்.

"இவருக்கு இனிப்பு ஆகாதுங்க."

"ஆ! சர்க்கரை நோய்!" இராமசாமியின் முகம் மலர்ந்தது. ஒரு பேருரைக்கு இடம் கிடைத்த மலர்ச்சி. "சென்ற திங்கள்தான் எமது சங்கத்தில் இதே பொருள் குறித்து ஒரு மணி நேரம் உரையாற்றினேன். சர்க்கரை நோயாளிக்கு எதிரி யார்? அரிசி! தோழன் யார்? கோதுமை! அடியே, சம்பந்திக்கு ஆறு சப்பாத்தி போடச் சொல். நெய் தடவாமல்!"

"ஐயோ, வேண்டாங்க," என்றார் தங்கராஜு.

"கூச்சம் வேண்டா!"

இராமசாமியின் மனைவி உள்ளே போனாள். உருட்டுக்கட்டையின் சத்தம் கேட்டது. தங்கராஜு மனைவியைப் பார்த்தார். அன்னம்மா கூரையைப் பார்த்தாள்.

சப்பாத்தி சுடச்சுட வந்தது. ஆறு.

இனி மனைவியை நம்பிப் பயனில்லை என்று தங்கராஜு தானே களத்தில் இறங்கினார். "தப்பா நினைக்காதீங்க ஐயா. இன்னைக்குக் கிருத்திகை. நான் விரதம். அதான் பழம் மட்டும்..."

"அட, முதல்லயே சொல்லக் கூடாதாங்க!" என்று இராமசாமியின் மனைவி கன்னத்தில் கை வைத்தாள். "சப்பாத்தி சுட்ட கல்லு, நேத்து முட்டை போட்ட கல்லு. இருங்க, விரதத்துக்குத் தனிப் பாத்திரம், தனி ரவை எல்லாம் இருக்கு. சோறுதானே ஆகாது? ஒரு நிமிஷத்துல ரவை உப்புமா கிண்டிடறேன்."

"அம்மா, அதெல்லாம்..."

அந்த அம்மாள் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். சோறு மட்டும் ஆகாதவர்களுக்காகவே தமிழர்கள் நோயையும் விரதத்தையும் ஏற்படுத்தியிருக்கிறார்கள் என்று தங்கராஜுவுக்குத் தோன்றியது. சோறு மட்டுமே ஆகிற ஒருவனுக்கு இந்தச் சமூகத்தில் இடமே வைக்கவில்லை.

"விரதத்தின் மாண்பு யாதெனில்," என்று தொடங்கினார் இராமசாமி.

விரதத்தின் மாண்பு முடிவதற்குள் உப்புமா வந்துவிட்டது. கடுகும் கறிவேப்பிலையுமாக, கேசரிக்குத் தங்கை மாதிரி.

அப்பா விழிப்பதைத் தனபாலால் பொறுக்க முடியவில்லை. "அங்கிள், உண்மையில அப்பாவுக்குக் காலையிலேர்ந்து வயிறு சரியில்ல. சொல்ல வெக்கப்படறார்."

தங்கராஜு மகனை நன்றியோடு பார்த்தார். படித்த பிள்ளை. வயிற்றுக் கோளாறு என்றால் கஞ்சிதானே கொடுப்பார்கள்? கஞ்சி அரிசியில்தானே போடுவார்கள்?

"வயிறா?" என்றார் இராமசாமி. "கஞ்சியெல்லாம் பழைய காலத்து மூடப் பழக்கம். எங்கள் குடும்ப டாக்டர் என்ன சொல்வார் தெரியுமா? சுட்ட ரொட்டி! பார்லித் தண்ணீர்!"

வந்தன.

முக்காலி போதாமல் இன்னொரு முக்காலி போட்டார்கள். கேசரி, கேக், சப்பாத்தி, உப்புமா, ரொட்டி, ஒரு கூஜா பார்லித் தண்ணீர். டாக்டர் எதையெல்லாம் தொடாதே என்றாரோ அதெல்லாம் அணிவகுத்து நின்று தங்கராஜுவைப் பார்த்தது. வாழைப்பழத் தோல் மட்டும்தான் அங்கே அவருடைய ஆள்.

அவருக்கு அலுத்துவிட்டது. சாதாரண அலுப்பு இல்லை. எட்டு மாதத்து அலுப்பு. பொய் சொன்னாலும் கோதுமைதான் என்றால் உண்மையைச் சொல்லிவிட்டாவது போகலாமே!

"ஐயா," என்றார். "சர்க்கரையும் இல்ல, விரதமும் இல்ல, வயிறும் நல்லா இருக்கு. எனக்குக் கோதுமை ஆகாது. அவ்வளவுதான்."



"கோதுமை," என்றார் இராமசாமி.

"ஆமாங்க."

"ஆகாது."

"ஆமாங்க. குடலுக்கு ஒத்துக்காது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னாரு. சோறு சாப்பிடலாம்."

இராமசாமி மெதுவாக எழுந்து நின்றார். பொன்னாடை போர்த்தும்போது எழுவாரே, அப்படி இல்லை. கூட்டத்தை விட்டு வெளிநடப்புச் செய்யும்போது எழுவாரே, அப்படி.

"உலகில் பாதி மக்கள் கோதுமை உண்டு உயிர் வாழ்கிறார்கள். ஆங்கிலேயன் அதை உண்டுதான் நாடு பிடித்தான். அது தங்களுக்கு ஆகாது! முதலில் இனிப்பு ஆகாது என்றீர்கள், ஏற்றேன். விரதம் என்றீர்கள், வணங்கினேன். வயிறு என்றீர்கள், இரங்கினேன். இப்போது கோதுமை! நண்பரே, பெண் பிடிக்கவில்லை என்றால் அதை நேரே சொல்லும் துணிவு வேண்டும். என் மகள் விடியற்காலையில் எழுந்து தன் கையால் கிண்டிய கேசரி அது. அதை இப்படி அவமதிக்க வேண்டியதில்லை."

உள்ளறைத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது, உடனே நின்றது.

தனபால் டெலிவிஷனுக்குப் போட்டிருந்த மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மூன்றாவது சம்பந்தம் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்புவது அவன் கண்ணில் தெரிந்தது.

தங்கராஜு கேசரித் தட்டைக் கையில் எடுத்தார்.

"என்னங்க!" என்றாள் அன்னம்மா. இந்தத் தடவை உதடு அசைந்தது.

"சும்மா இரு," என்றார் தங்கராஜு. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். அடுத்த கவளம். பெற்ற பிள்ளைக்காக விஷம் குடிக்கும் முகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே முகத்தை வைத்துக்கொண்டு, தட்டைக் காலி செய்தார். முந்திரியைக்கூட விடவில்லை. விஷம் குடிப்பது என்று ஆன பிறகு முந்திரியை ஏன் விட வேண்டும்?

இராமசாமி உட்கார்ந்தார். முகத்தில் வெற்றி.

"எப்படி? பம்பாயிலிருந்து கப்பலில் வந்த ரவை, நண்பரே. நானே பார்த்து வாங்கினேன். மணல் மணலாக நாவில் நிற்கிறதல்லவா, அதுதான் உயர்ந்த ரவைக்கு இலக்கணம். சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் கிடைப்பதெல்லாம்..."

உயர்ந்த ரவைக்கு இலக்கணம் கால் மணி நேரம் நடந்தது. அதற்குள் தங்கராஜுவின் நெற்றி வியர்த்தது. கைவிரல்கள் சில்லிட்டன. வழக்கமாக இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். பம்பாய் ரவை அல்லவா, வேகம் அதிகம்போல. அடிவயிற்றில் ஒரு மோட்டார் படகு கிளம்பியது. முதலில் மெல்ல, பிறகு ஹால் முழுக்கக் கேட்கும்படி.

"கக்கூஸ்?" என்றார் தங்கராஜு.

"பின்கட்டில்..." என்று இராமசாமி கையை நீட்டுவதற்குள் அவர் போய்விட்டார்.

அன்னம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "சாமி, இந்த மனுசன் உடம்பு இப்பத்தானே தேறிச்சு! டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

தங்கராஜு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். உட்காரப் போனார். உட்காராமலே திரும்பவும் ஓடினார். கதவு சாத்தும் சத்தமும், அதைத் தொடர்ந்து, நல்ல குடும்பங்களில் காதில் விழாததுபோல் இருந்துவிட வேண்டிய சில சத்தங்களும் கேட்டன. ஒரு முனகலும் கேட்டது. அது முருகனைக் கூப்பிட்டது.

இராமசாமியின் முகத்தில் ரத்தம் இல்லை. செந்தமிழும் இல்லை.

"அடக் கடவுளே, நெசமாத்தானா சொன்னாரு?" என்றார். "நான் வேற மேடைல பேசற மாதிரி பேசிட்டேனே! ஏம்மா, உசுருக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ரெண்டு நாள் கிடப்பாரு," என்று அன்னம்மா விசும்பினாள்.

"தெரிஞ்சே சாப்பிட்டாரா? எம் பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னா?"

இந்தக் கேள்விக்குத் தனபால் தலையை மட்டும் ஆட்டினான். புத்திசாலிப் பிள்ளை.

மூன்றாவது தடவை தங்கராஜு திரும்பி வந்தபோது இராமசாமி ஓடிப்போய் அவர் தோளைத் தாங்கிக்கொண்டார். தலைவரும் செயலாளரும் ஆலோசகரும் எல்லாருமாகச் சேர்ந்து அவரைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள்.

"சம்பந்தி, என்னை மன்னிச்சிருங்க," என்றார் இராமசாமி. கண் கலங்கியிருந்தது. "எத்தனையோ பேருக்கு மாலை போட்டிருக்கேன். இப்படி ஒரு மனுசனப் பாத்ததில்ல. உங்க வீட்டுக்கு வரலேன்னா எம் பொண்ணு வேற எந்த வீட்டுக்கும் போகத் தேவையில்ல. அடியே, தாம்பாளத்தைக் கொண்டா! இப்பவே மாத்திக்குவோம்."

வெற்றிலை பாக்கு மாறியது. இரண்டு முக்காலிகளும் உள்ளே போயின. நாளைக்கே செண்பக விநாயகர் கோவிலில் நாள் பார்ப்பது என்று முடிவாயிற்று. இனி இந்த வீட்டுப் படியைக் கோதுமை மிதிக்காது என்று இராமசாமி அறிவித்தார். தனபால் முதல் தடவையாகச் சிரித்தான். தங்கராஜு கண்ணை மூடிக்கொண்டு, தியாகிகளுக்கு உரிய மெல்லிய குரலில், "பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்," என்றார். அவருடைய வாழ்க்கையிலேயே ஒரு ஹால் முழுக்க அவரை மரியாதையோடு பார்த்தது அன்றைக்குத்தான். அந்த வலியிலும் அது கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

டாக்சி பிடிக்க எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். இராமசாமி நடுரோட்டில் நின்று, வந்த வண்டிகளையெல்லாம் கை தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹாலில் தங்கராஜு மட்டும் படுத்திருந்தார்.

திரை விலகியது. பாக்கியலட்சுமி வெந்நீர் டம்ளரோடு வந்து குனிந்தாள். நல்ல பெண். கண்ணில் பயம் இருந்தது. பயத்துக்கு அடியில் வேறு ஏதோவும் இருந்தது.

"இப்ப எப்படி இருக்கு மாமா?"

"உள்ள எல்லாம் எரியுதும்மா," என்றார் தங்கராஜு. "கோதுமை குத்திக் கிழிக்குது. பரவால்ல, உனக்காகத்தானே."

பாக்கியலட்சுமி வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா... காலையில டப்பாவைத் திறந்தா அந்தப் பம்பாய் ரவை பூரா வண்டு. நான் அரிசி நொய்யை வறுத்துத்தான் கேசரி கிண்டினேன்."