குழிச்சாமியின் மண் பிரசாதம்

ருஷ்யாக்காரன் பூமியைச் சுற்றிவர வானத்தில் உருண்டை விட்டு நாலைந்து மாதம் ஆகியிருந்தது. உலகமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, நல்லேப்பிள்ளி கிராமம் மட்டும் குனிந்து ஒரு குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சும்மா குழி அல்ல. குழிச்சாமி வெட்டச் சொன்ன குழி. செவ்வாய்க்கிழமை வந்தால் சித்தூர் பஸ்ஸில் நிற்க இடம் கிடையாது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

சாமியின் சாஸ்திரம் எளிது. வாங்கப் போகும் மனையின் நடுவில், ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை அதே குழியில் திரும்பப் போட வேண்டும். மண் மிஞ்சிக் குவிந்தால் லட்சுமி வாசம். குழி நிறையாமல் பள்ளம் விழுந்தால், அந்த வீட்டில் விளக்கேற்ற ஆள் மிஞ்சாது. தெய்வத்தின் தீர்ப்பு ஒரு மண்வெட்டிச் செலவில் கிடைப்பது நம்மூரில் மட்டும்தான்.

சாமி பூர்வாசிரமத்தில் பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டுக்கு வயது சொன்னவர், இப்போது மண்ணைப் பிடித்துப் பார்த்து மனிதனுக்கு ஆயுள் சொன்னார். உத்தியோக உயர்வுதான்.

இந்தச் சாமியிடம் மாட்டிக்கொண்டவர் சகாயம். மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். மனை விற்கும் தொழிலுக்குப் புதுசு. மலைக்குளிர் போதும் என்று இறங்கி வந்து, சேர்த்ததையெல்லாம் அச்சாரமாகக் கொடுத்து, ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் பேசிப் பன்னிரண்டு மனையாகப் பிரித்தார். பங்குனி முடிவதற்குள் மீதியைக் கட்ட வேண்டும். தவறினால் அச்சாரமும் போச்சு, நிலமும் போச்சு.

முதல் மாதம் சகாயமும் அவர் மனைவி இருதயம்மாளும் கல் பொறுக்கினார்கள். இரண்டாம் மாதம் வண்டிப்பாதை போட்டார்கள். மூன்றாம் மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எல்லோரும் மோர் கொடுத்தார்கள். பணம் ஒருவரும் கொடுக்கவில்லை. மாசியில்தான் கடலை வியாபாரி அப்புசாமி இரண்டு மனைக்கு அச்சாரம் கொடுத்தார். அவர் வந்தால் பின்னாலேயே அவருடைய சொந்தக்காரர்கள் நான்கு பேர் வருவார்கள். சகாயத்துக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

மறுவாரமே அப்புசாமி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"ஏனுங்க, எனக்கொண்ணும் சந்தேகமில்லீங்க. ஊட்டுலதான் சாமியக் கூப்பிட்டுக் குழி பாக்கோணும்ங்கறாங்க."

"பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. மண்ணுல என்ன குத்தம் இருக்கப் போவுது?" என்றார் சகாயம். பாவம், மனிதர் மண்ணைத்தான் அறிந்திருந்தார், சாமியை அறியவில்லை.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நல்லமுத்து என்பவரும் மனை விற்றுக்கொண்டிருந்தார். போன மாதம் சாமி அங்கே குழி பார்த்தபோது மண் கோபுரமாய் நின்றதாம். நல்லமுத்து அந்தக் குவியலுக்கு மாலை போட்டு, விலையை ஒன்றரை மடங்காக்கிவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் சாமியே சகாயத்தைத் தேடி வந்தார். தோள்துண்டை இருவர் கையின்மேலும் போர்த்தி, சந்தை வழக்கப்படி உள்ளே விரலைப் பிடித்து, குழி நிறைவதற்கு ஒரு தொகை கேட்டார். சகாயம் கையை உருவிக்கொண்டார்.

"நான் மாடு விக்கல சாமி."

"சரீங்க. நாளைக்கு மண்ணு பேசும், கேட்டுக்குங்க."

செவ்வாய்க்கிழமை நூற்றைம்பது பேர் கூடிவிட்டார்கள். நல்லமுத்துவும் வந்திருந்தார். சீடன் சென்னியப்பன் குழி வெட்டினான். சாமி கண்ணை மூடி மந்திரம் சொன்னார். பாதி சமஸ்கிருதம், பாதி மாட்டுப் பெயர். பிறகு, "பூமாதேவி பிரசாதம் குடுக்கச் சொல்றா!" என்று கத்தினார்.

சென்னியப்பன் வெட்டிய மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொடுத்தான். பெண்கள் முந்தானையில் முடிந்தார்கள், ஆண்கள் துண்டில் முடிந்தார்கள். சிலர் இரண்டாம் தடவையும் வரிசையில் நின்றார்கள். இலவசம் என்றால் மண்ணையும் விடமாட்டோம் அல்லவா! "வேதக்காரங்களுக்கும் உண்டுங்க" என்று, மாதா கோயிலுக்குப் போகிறவள் என்பதால் ஒதுங்கி நின்ற இருதயம்மாள் கையிலும் அவன் திணித்துவிட்டுப் போனான்.

அப்புறம் மிச்ச மண்ணைக் குழியில் தள்ளினார்கள். ஒரு சாண் பள்ளம்! கூட்டம் 'ஐயோ' என்றது.

"இது மண்ணுத் தின்னிப் பூமி. குடி வந்தா மனுசனைத் தின்னும்" என்றார் சாமி.

"அச்சாரத்தைத் திருப்பிக் குடுத்துப்போடுங்க சகாயம். கோவிச்சுக்காதீங்க" என்றார் அப்புசாமி. சகாயத்தின் இருபது வருஷ உழைப்பு அந்த ஒரு சாண் பள்ளத்தில் போய்க்கொண்டிருந்தது.

இருதயம்மாள் மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேயிலை நாற்று நட வருஷக்கணக்காகக் குழி வெட்டியவள் அவள். கிளறிய மண் பொலபொலவென்று பெருகும். திரும்பப் போட்டால் மிஞ்சும். குறைந்து அவள் பார்த்ததே இல்லை. நேரே நடந்து போய், கையிலிருந்ததைக் குழியில் கொட்டினாள்.

"இந்தா, என் பங்கு. மத்தவுகளும் போடுங்க."

"தாயி! குடுத்த பிரசாதத்தைத் திருப்புனாக் கண்ணு போயிருமாக்கும்!"

"எனக்குப் போவலியே சாமி. உங்க குழி நல்லாத் தெரியுது. வெட்டுன மண்ணத் திரும்பப் போடணும்னு நீங்கதான சொன்னீக? முழுசாப் போட்டுப் பாத்துட்டுப் பொறவு தீர்ப்புச் சொல்லுங்க." அப்புசாமி பக்கம் திரும்பினாள். "வாங்கப் போறவரு நீங்க அண்ணாச்சி. முதல்ல உங்க துண்ட அவுருங்க."

அப்புசாமி துண்டைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். அவருக்குள் இருந்த கடலை வியாபாரி விழித்துக்கொண்டார்.

"ஏனுங்க சாமி, மூட்டையிலிருந்து அள்ளி ஊருக்கெல்லாம் குடுத்துப்போட்டு, அப்புறம் எடை குறையுதுன்னா, எங்க சந்தையில கட்டி வெச்சு ஒதைப்பாங்க!"

துண்டை அவிழ்த்து உதறினார். அவருக்குக் கண் போகவில்லை என்று தெரிந்ததும் மற்றவர்களும் அவிழ்த்தார்கள். பள்ளம் மூடியது. மண் மட்டத்துக்கு வந்தது. பிறகு குவிந்தது, நல்லமுத்துவின் கோபுரத்தை விடப் பெரிதாக.

"நல்லமுத்து எடத்துல பிரசாதமே குடுக்கலியே!" என்றது ஒரு குரல்.

"அங்க லட்சுமிய அள்ளப்படாதுன்னு சாமி சொன்னாருங்க!" என்றது இன்னொன்று.

சகாயம் முன்னே வந்தார். துண்டுக்குள் நடந்த விரல் பேரத்தைக் கூட்டத்தின் நடுவில் போட்டு உடைத்தார். நல்லமுத்துவுக்கு வாய்க்காலுக்கு அப்பால் திடீரென்று ஏதோ அவசர வேலை. சென்னியப்பன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். சாமியும் கிளம்பப் பார்த்தார். குழி பார்க்க வாங்கிய தட்சிணையைக் கீழே வைக்கும் வரை ஜனங்கள் விடவில்லை.

கூட்டம் கலைந்தபின் அப்புசாமி மெதுவாகக் கேட்டார்: "கிரய ஆதாரம் எழுத ஒரு நல்ல நாள் பாத்துரலாமுங்களா?"

இருதயம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ரிஜிஸ்தர் ஆபீசு தொறந்திருக்கிற நாளெல்லாம் நல்ல நாளுதான் அண்ணாச்சி."

நிலத்துக்காரரையும் கூட்டிப்போய் வியாழக்கிழமை எழுதினார்கள். சொந்தக்காரர்களும் வந்தார்கள். பங்குனி முடிய ஆறு நாள் இருக்கும்போது சகாயம் மீதியைக் கட்டினார்.

குழியில் குறைந்த மண் நூற்றைம்பது பேர் மடியிலும் இருந்தது. அதை முடிந்து வைத்துக்கொண்டே பள்ளத்தைப் பார்த்து 'ஐயோ' என்றார்கள். அடுத்த சாமி வராமல் இருக்கமாட்டார். அவர் கொடுப்பதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுமுன், எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறார் என்று அந்தக் கண்ணால் ஒரு தரம் பாருங்கள்.