பிரேக்குக்குக் கிரீஸ் தடவிய ஃபோர்மேன்

பத்தாம் வகுப்போடு பேனாவை மூடி வைத்தவன் நான். நாலு பேர் படிக்கும்படி எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். கடைக்குப் போனால், எனக்குப் பின்னால் வந்தவர்களும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் வாய் திறப்பேன். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம், இந்தக் கதையை என் வீட்டார் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மானம் மிஞ்சும் என்பதுதான்.

சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கிறேன். எங்கள் வேலையில் முதல் பாடம், இரும்பும் இரும்பும் உரசக் கூடாது. வெடிமருந்து அள்ள இரும்புக் கரண்டி கிடையாது. கதவுக் கீல் லேசாக முனகினால்கூட வேலையை நிறுத்திவிடுவோம். தினமும் காலையில் கிரீஸ் டப்பாவோடு அறை அறையாகப் போய்க் கீல்களுக்குத் தடவுவது என் பொறுப்பு. என்னோடு பத்து மணி டீ குடித்துவிட்டுப் போன இரண்டு பேரை ஒரு உரசலில் பறிகொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் என் கை தானாகக் கிரீஸைத் தேடும்.

மகள் முத்துலட்சுமியைக் காரியாபட்டியில் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்திருந்தது; எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். நாள் பேச நானும் மனைவி செல்வியும் எங்கள் பழைய காரில் போனோம். சம்பந்தி வீட்டு வாசலில் பிரேக் பிடித்தேன். கார் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

சம்பந்தியம்மா வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

“என்னண்ணே, வண்டி இப்பிடி ஊளையிடுது? பிள்ளத்தாச்சிய இதுலயா ஏத்திட்டுப் போகப் போறீக?”

“சரி பண்ணிருவேன்மா.”

“பண்ணிட்டு வாங்க. இல்லையின்னா இங்கனயே பிரசவம் பாத்துக்கிடுவோம். நான் தப்பாச் சொல்லலண்ணே.”

செல்வியின் முகம் சுருங்கிவிட்டது. மூன்று மாதமாகப் பழைய புடவைகளைத் துவைத்து, கிழித்து, குழந்தைக்குத் துணி சேர்த்து வைத்திருந்தாள். மகளுக்கென்று ஓர் அறையை வெள்ளையடித்தும் வைத்திருந்தோம்.

மெக்கானிக் பட்டறைக்குப் போனேன். உள்ளே நாலைந்து பேர் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் மெக்கானிக்கே எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி?” என்றார்.

“சும்மாதான்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். (அரை மணி நேரம் சும்மா நிற்பதற்கு ஒருவன் எதற்குப் பட்டறையைத் தேடிப் போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.)

ஞாயிற்றுக்கிழமை நானே ஜாக்கி வைத்து முன் சக்கரங்களைக் கழற்றினேன். உள்ளே பளபளவென்று ஒரு வட்டத் தகடு. இரண்டு பக்கமும் இரண்டு கட்டைகள் அதைக் கவ்விப் பிடித்திருந்தன. தகட்டில் கோடு கோடாகக் கீறல். இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்தன! என் வீட்டுக் காரிலேயே!

கிரீஸ் டப்பாவை எடுத்தேன்.

“ஏங்க, பிரேக்குல போயி கிரீஸ் தடவுவாகளா?” என்றாள் செல்வி.

“இருவது வருசமா ஃபோர்மேனா இருக்கேன். எனக்குத் தெரியாதா?”

“அங்க கதவுக்குத்தான தடவுறீக?”

தாராளமாகத் தடவினேன். அதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டதால் பின் சக்கரங்களை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தேன். தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

புதன்கிழமை காரியாபட்டிக்குக் கிளம்பினோம். விருதுநகரில் நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டித்தான் கார் நின்றது. என்ன வழுவழுப்பு என்று பெருமைப்பட்டேன். சம்பந்தி வீட்டைத் தாண்டி மூன்றாவது வீட்டில் போய் நின்றது. நிழலுக்காக அங்கே நிறுத்தியதாகச் சொன்னேன். சம்பந்தியம்மா, “சத்தம் போயிருச்சே!” என்று சந்தோஷமாக முத்துலட்சுமியைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டார்.

திரும்பும்போது திருத்தங்கலுக்கு முன்னால் ரயில்வே கேட் பூட்டியிருந்தது. வரிசையின் கடைசியில் ஒரு லாரி. தார்ப்பாய்க்குக் கீழே தெரிந்த அட்டைப் பெட்டிகள் எங்கள் கம்பெனிப் பெட்டிகள். முந்தின நாள் நானே பக்கத்தில் நின்று ஏற்றிவிட்ட தீபாவளி லோடு, ஏதோ பில் தகராறில் சிவகாசிக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லாக நின்றது. கார் அது பாட்டுக்குப் போனது.

“அப்பா, நிறுத்துங்கப்பா!”

“மிதிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்!”

“எதை மிதிக்கிறீக?” என்று அலறினாள் செல்வி.

அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று அந்தச் சாலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. கை பிரேக்கை இழுத்துக்கொண்டே ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். கார் காய்ந்த ஓடையில் இறங்கி, கருவேல முள்ளுக்குள் புகுந்து, சாய்ந்து நின்றது. நான் கை வைக்காத பின் பிரேக்குகள்தான் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. என் இடுப்பு வலிக்கு இன்றுவரை நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

யாருக்கும் ரத்தக் காயம் இல்லை. முத்துலட்சுமி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

“என்னம்மா?”

“பிள்ள அசையலப்பா.”



லாரி டிரைவர் ஓடி வந்தார். “ஃபோர்மேன் அண்ணாச்சியா! ஏறுங்க, ஏறுங்க, கேட்டைத் தொறந்துட்டாக.” லோடு வண்டியில் வெளி ஆள் ஏறக் கூடாது என்று முந்தின நாள்தான் அவரைச் சத்தம் போட்டிருந்தேன். பெண்கள் இருவரும் முன்னால் ஏறினார்கள். நான் கதவுப் படியில் தொங்கிக்கொண்டே சிவகாசி வரை போனேன். இத்தனை மருந்துக்குப் பக்கத்தில் இருந்தும், அன்று ஒருநாள்தான் மருந்துக்குப் பயப்படாமல் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்தார். ஒரு பக்கம் இல்லை. இன்னொரு பக்கம் இல்லை. செல்வி என் சட்டையைப் பிடித்திருந்தாள். அடிக்கவா, விழாமல் இருக்கவா என்று தெரியவில்லை. அப்புறம் டக் டக் டக் என்று வேகமாக ஒரு சத்தம்.

“நல்லா இருக்கு. தூங்கிக்கிட்டு இருந்திருக்கும்” என்றார் டாக்டரம்மா.

சாயங்காலம் காரை இழுத்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போனோம். இந்த முறை செல்வி முன்னால் போனாள். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, விரலால் வழித்து, மோந்து பார்த்தார்.

“எந்த மடப்பய இதுல கிரீஸ அப்புனது?”

“இந்தா நிக்கிறாரே” என்றாள் செல்வி.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு பொறுமையாகக் காட்டினார். “இந்தக் கவ்வுற கட்டை, பேடு, தேஞ்சு அதோட அடித்தகடு வரைக்கும் போயிருச்சு அண்ணாச்சி. ‘என்னைய மாத்து, மாத்து’ன்னுதான் கத்தியிருக்கு. நீங்க அது வாயில கிரீஸ அடைச்சுட்டீக. உரசுனாத்தான வண்டி நிக்கும்?”

புது பேடு, புது வட்டத் தகடு. ஒரு மணி நேர வேலை. அன்று வாசலில் நின்ற நேரத்தைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் வீட்டில் யார் குரலை உயர்த்தினாலும், “அப்பாட்ட சொல்லுங்க, கிரீஸ் கொண்டு வருவாக” என்கிறார்கள். பேத்தி அழுதாலும் அதையேதான் சொல்கிறார்கள். அவளும் சிரித்துவிடுகிறாள். நானும் சிரிக்கிறேன்.

ஆனால் அந்தப் புதன்கிழமைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு, விஷயம் கேள்விப்பட்டுச் சம்பந்தியம்மா வந்தார். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. வெள்ளையடித்த அறையை எட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். பதினோரு மணி பஸ்ஸில் முத்துலட்சுமியைப் பிரசவத்துக்குக் காரியாபட்டிக்கே கூட்டிப் போய்விட்டார். செல்வி குழந்தைத் துணிகளை ஒரு மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்தனுப்பினாள்.