மேற்குச் சாளரக் கதிரை

2009 மே 23, சனிக்கிழமை. இலங்கையில் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட ஐந்தாம் நாள். டென்மார்க்கின் வைலே நகருக்கு வெளியே, பழுதுபார்த்துத் திருமணங்களுக்கு விடப்படும் பழைய இத்தாலியப் பாணி மாளிகையில், விருந்து பிற்பகல் ஒன்றரை மணிக்குத் தொடங்கியது.

வாழ்க குணசேகரம்! வாரநாட்களில் கோழித் தொழிற்சாலையிலும் வார இறுதிகளில் இம்மாளிகையின் மேசைகளுக்கு நடுவிலும் வாகை சூடியவர். வெண்விரிப்பின் சுருக்கமெலாம் நீவிய விரலோர். இன்று மணமகள் நவோமியின் தந்தையார்! அவ்வீரர் வேண்டியது நாடன்று, நகரன்று. உட்கார ஒரு கதிரை.

பளிங்குத் தூண் நிரைத்த, முழத் தடிப்புச் சுவர் எழுந்த, காட்டுச் சரிவுகள் கவிந்த அம்மாளிகையில் கைத்தொலைபேசி உயிர்பெறுவது மேற்குச் சாளரத்தடியில் மட்டுமே. வவுனியாவிலிருந்து போதகர் றொபேட் மூன்று மணிக்கு அழைப்பார். அகதி முகாமுக்கு உயிரோடு வந்துசேர்ந்தோர் பட்டியலில் தங்கை ஜெபமலரின் பெயர் உண்டா என்று சொல்வார். மகளின் கலியாணவீடு செத்தவீடாகிவிடக் கூடாதென்று, இதை அவர் எவரிடமும் சொல்லவில்லை.

ஆயின் விதியை எழுதியது அவர் கையேதான். ஆளுக்கொரு பெயரட்டை வேண்டும் என்று மாளிகை நிர்வாகி எமிலியா ஆணையிட்டிருந்தார். அழைப்பிதழில் 'குடும்பத்தினர்' என்றெழுதியே தேய்ந்த நம் குலத்துக் கை கேட்குமா? வீட்டுக்கொரு அட்டையோடு நின்றுவிட்டது. எனவே பெயரற்ற கதிரைகளை நோக்கிக் கரையுடைத்த குளமெனச் சுற்றம் பாய்ந்தது. கைப்பைகள் வெற்றிக்கொடிகளாய் நாட்டப்பட்டன. மேற்குச் சாளரக் கதிரையில் வீற்றிருந்தது சிவபாலன் மனைவி சுசீலாதேவி அம்மையாரின் பொன்னிறப் பை. அருகே கோட்டைமதிலென அம்மையார்.

"தங்கச்சி, இந்தக் கதிரையை ஒருக்கா விடும்."

"பை வைச்ச கதிரை, அண்ணை. இவர் கார் விடப் போனவர், இப்ப வருவார்."

"உங்களுக்கு அங்கை அட்டை வைச்சிருக்கு."

"ஓம், 'சிவபாலன் குடும்பம்' எண்டு ஒரு கதிரையிலை வைச்சிருக்கிறியள். நாங்கள் ஆறு பேர். மிச்ச ஐஞ்சு பேரும் ஆற்றை மடியிலை இருக்கிறது?"

இச்சொல்லம்பு நெஞ்சில் தைக்க, வேழத்தின் முன் வேலிழந்த வீரனென நம் தலைவர் பின்வாங்கினார். சுவர்க்கடிகாரமோ இரண்டு ஐம்பத்தைந்து என்று முரசறைந்தது. குண்டுவீச்சுக்குத் தப்பினாளா தங்கை என்று அறிய, கைப்பைக்குத் தப்ப வழிதேடும் அண்ணன்! எமிலியாவின் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பறித்தார். மாளிகை அதிர முழங்கினார்:

"சிவபாலன் குடும்பம்! வீடியோக்காரர் படம் எடுக்கப்போறார்! ஆறு பேரும் உடனே பளிங்குப் படிக்கட்டுக்கு வாங்கோ!"

படமென்றால் பாதிச் சாப்பாட்டிலும் எழும் குலமல்லவா நாம்? கோட்டை எழுந்தது. சேலைக்குப் பொருத்தமாய் வாங்கிய பையும் உடன் எழுந்தது. பருந்தெனப் பாய்ந்து, வியர்வை வழிய, கழுத்துப்பட்டி தோளில் புரள, குணசேகரம் அரியணை ஏறினார்.

மூன்று பன்னிரண்டுக்கு அழைப்பு வந்தது, பட்டியலில் பெயர் இருந்தது, அவர் எழுந்து கதிரையைத் திரும்பி வந்த சுசீலாதேவியிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.