கடத்தூரில் மைனஸ் நாற்பது

இந்த ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போவதில்லை என்று ஆனி மாதமே முடிவெடுத்துவிட்டேன். வீட்டில் முடிவெடுக்கும் உரிமை எனக்கு உண்டு. அதை வெளியே சொல்லும் உரிமைதான் இல்லை.

காவிரி மேல் எனக்குக் கோபம் கிடையாது. மீன் குழம்பு மேல் நிச்சயமாகக் கிடையாது. என் பயமெல்லாம் எண்ணெய்தான். என் மனைவி யுவராணியின் அண்ணன் பச்சியப்பன் பென்னாகரத்தில் இருக்கிறார். வருடாவருடம் ஆடி பதினெட்டுக்கு எங்களை ஆற்றுக்கு அழைப்பார். கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் இருப்பார்கள். அவர்களில் இருப்பதிலேயே அகலமானவரைத் தேர்ந்தெடுத்து, "நம்ம மாப்ள. நல்லா போடு" என்பார். அது மாப்பிள்ளைக்குச் செய்யும் மரியாதை. மறுக்க முடியாது. அந்த அகலமானவர் என்னைப் பாறையில் குப்புறப் போட்டு, ஏதோ முன்விரோதம் இருப்பது போல வேலை செய்வார். போன வருடம் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. நான் அறிவியல் ஆசிரியர். ஒரு வாரம் வகுப்பின் இடது பாதிக்கு மட்டும்தான் பாடம் நடத்தினேன்.

தப்பிக்கும் வழியைக் காட்டியது எங்கள் கார்.

ஆனியில் ஒரு நாள் சாவியைத் திருப்பியதும் என்ஜின் விளக்கு எரிந்தது. ரேடியேட்டர் ஃபேன் தானாகவே சுற்ற ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க நின்ற வண்டி. தொட்டால் ஜில்லென்று இருந்தது. கோளாறு பார்க்கிற சின்னக் கருவி ஒன்றை வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினேன். அது சொல்வதைப் போனில்தான் பார்க்க வேண்டும். என் போனில் இடமில்லை. காலை வணக்கங்களே நிரம்பியிருந்தன. அதனால் யுவராணியின் போனில் அதை ஏற்றினேன். அங்கேதான் தவறினேன்.

"என்னாங்க, மைனஸ் நாப்பதுன்னு காட்டுது?"

"அதான் என்ஜின் தண்ணியோட சூடு."

"கடத்தூர்லயா?"

"இல்ல யுவராணி. சென்சார்ல இருந்து சேதி வரலைன்னா கம்ப்யூட்டரு அப்படித்தான் நெனச்சுக்கும். எதுக்கு வம்புன்னு ஃபேனைப் போட்டு விட்டுடும். ஒன்னு ப்ளக் கழண்டிருக்கணும், இல்ல வயர் அறுந்திருக்கணும், இல்ல சென்சார் செத்திருக்கணும்."

"எதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?"

அந்தக் கேள்விக்கு நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஆசிரியன் கேள்வியைக் கண்டால் விடமாட்டான். அவள் வளையலில் தொங்கிய ஊக்கைக் கேட்டு வாங்கினேன். சென்சாரின் ப்ளக்கைக் கழற்றினேன். வயர் பக்கமிருந்த இரண்டு ஓட்டைகளையும் ஊக்கால் இணைத்தேன். போனில் மைனஸ் நாற்பது மறைந்து நூற்று நாற்பது வந்தது.

"பாத்தியா? வயரு நல்லா இருக்குது. ப்ளக்கும் மாட்டித்தான் இருந்துச்சு. அப்ப கோளாறு சென்சார்ல."

"அட!" என்றாள். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் 'அட' அது. தருமபுரிக்குப் போய்ப் புது சென்சார் வாங்கிவந்து மாட்டினேன். விளக்கு அணைந்தது. ஃபேன் அடங்கியது. எனக்குள் மட்டும் ஒன்று எரிய ஆரம்பித்தது. ப்ளக்கைக் கழற்றினால் இதே கோளாறு வரும். மாட்டினால் போய்விடும்.

ஆடி பதினெட்டு விடியலில் காரின் போனெட்டைத் திறந்து ப்ளக்கைக் கழற்றினேன். முழுதாகக் கழற்றவில்லை. பார்த்தால் மாட்டியது போலவே இருக்கும்படி மேலாக வைத்தேன். கலைஞன் கலைஞன்தான். யுவராணி பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்ததும் சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. ஃபேன் உறுமியது.

"அய்யய்யோ!" என்றேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சவரி மதில் மேல் தலையை நீட்டினார்.

"என்னா சார், மறுபடியுமா?"

"ஆமா சவரி. என்ஜின் சூடாவுது."

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலியே சார்?"

"அதான் ஆபத்தே."

"அப்ப என் வண்டிய எடுத்துட்டுப் போங்க. சும்மாதான நிக்குது."

நல்ல மனிதர்கள் பக்கத்து வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய தொல்லை! "அடுத்தவங்க வண்டி வேண்டாம் சவரி, எனக்குக் கை பழகாது" என்றேன். யுவராணி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மைனஸ் நாப்பதுங்க" என்றாள்.

"பாத்தியா! ரொம்ப மோசம். இன்னிக்கு ஆவாது."

"சரிங்க. அண்ணங்கிட்ட சொல்லிடறேன்."

அவ்வளவுதான். அழுகை இல்லை. "எங்க வூட்டுக்குப் போவணும்னா மட்டும் உங்களுக்கு" என்று தொடங்கும் அந்த நீண்ட வாக்கியமும் இல்லை. பாறையிலிருந்து எழுந்து நடந்தது போல உடம்பு லேசானது. கொல்லைப்பக்கம் போய் நிதானமாகக் குளித்தேன். பாட்டுக்கூடப் பாடினேன்.

திரும்பி வந்தபோது காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் முருங்கைக்கீரை.

"அண்ணங்கிட்ட சொல்லிட்டேங்க. நீங்க சரி பண்ணிட்டு இருக்கீங்கன்னு. பண்ணுங்க, நான் பாக்கறேன்."

"இப்பவேவா?"

"போன தடவ எவ்ளோ அழகா சொல்லிக் குடுத்தீங்க. மிச்சத்தையும் கத்துக்கறேன்."

வேறு வழியில்லை. "நான் சொல்லாம யாரும் சாவி போடக் கூடாது" என்று அறிவித்துவிட்டு, போனெட்டுக்குள் தலையை விட்டேன். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஊதினேன். ரிலேவைத் தட்டினேன். பாட்டரியின் எர்த் வயரைச் சுரண்டினேன். மல்டிமீட்டரை அங்கங்கே வைத்து "ம்ம்" என்றேன். சென்சார் ப்ளக்கின் பக்கம் மட்டும் போகவில்லை. ஒளித்துவைத்தவனுக்கு அங்கே என்ன வேலை?

"அந்த ஊக்கு டெஸ்ட் பண்ணலீங்களா?"

"அது கடைசில."

"நான் பண்ணட்டுமா?"

"நீ கீரையப் பாரு."

கீரை ஆய்ந்து முடிந்தது. வெங்காயம் வந்தது. வெங்காயமும் முடிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. நானும் நிமிரவில்லை. ஒரு வழியாக நிமிர்ந்தபோது, உடம்பு நிமிர்ந்தது, கழுத்து வரவில்லை. போனெட்டைப் பார்த்த வாக்கிலேயே பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் வாசலில் பிக்கப் வண்டி வந்து நின்றது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முதலில் கால்கள்தான் தெரிந்தன. பச்சியப்பன் மச்சானின் செருப்பு. அவர் மனைவியின் கொலுசு. அப்புறம் இரண்டு வெறுங்கால்கள். மிகவும் அகலமானவை. பக்கத்தில் ஒரு எண்ணெய் டப்பா.

"வா மச்சான்" என்றேன், டப்பாவைப் பார்த்து.

"என்னா மாப்ள, தலையக் குனிஞ்சு நிக்கற? வண்டி கெட்டா நீ என்னா பண்ணுவ! அது கெடக்குது உடு. இந்த வருசம் தண்ணி ஜாஸ்தி. ஆத்துல குளிக்கவே உடல. எண்ணெ போடறதுக்கும் தடை. இவரு சும்மா குந்திக்கினு இருந்தாரு. வா, மாப்ள வூட்டுக்கே போயிடலாம்னு கூட்டியாந்துட்டேன்."

நான் அதை மெதுவாகப் புரிந்துகொண்டேன். போயிருந்தால் எண்ணெய் கிடையாது. போகாததால்தான் எண்ணெய்.

வாசலில் கட்டில் போட்டு, அதில் என்னைக் குப்புறப் போட்டார்கள். மதில் மேல் சவரி தெரிந்தார். "நல்லா போடு" என்றது மச்சான் குரல். பிறகு நடந்ததைச் சொல்வதற்கில்லை. முதுகில் யாரோ பறை அடித்தார்கள். கடைசியில் அகலமானவர் என் தலையை இரு கையாலும் பிடித்து, ஒரு திருகு திருகினார். டொப்பென்று ஒரு சத்தம். சவரி சிலுவை போட்டுக்கொண்டார்.

எழுந்து உட்கார்ந்தேன். இடப்பக்கம் பார்த்தேன். வலப்பக்கம் பார்த்தேன். இரண்டு பக்கமும் உலகம் இருந்தது. வலி இல்லை. போன வருடத்திலிருந்து உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த மிச்சமும் போயிருந்தது. வாய்விட்டே சிரித்தேன். மச்சான் கழுவியே கொண்டுவந்திருந்த மீன், குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு எல்லோரும் கிளம்பிய பிறகு, கழுத்து சரியான சந்தோஷத்தில் கார் சாவியை எடுத்தேன். "யுவராணி, கோளாறைக் கண்டுபுடிச்சிட்டேன். ஒரு நிமிசத்துல சரி பண்றேன் பாரு" என்று போனெட்டைத் திறந்தேன். ப்ளக் கெட்டியாக மாட்டியிருந்தது. சாவியைத் திருப்பினேன். விளக்கு இல்லை. ஃபேன் இல்லை.

"நீங்க குளிக்கப் போனப்பவே ஊக்கு வெச்சுப் பாத்துட்டேங்க" என்றாள். "நூத்தி நாப்பது காட்டிச்சு. வயரு நல்லா இருக்குது. சென்சாரு புதுசு. மிச்சம் ப்ளக்குதான? அமுத்தினேன், க்ளிக்குன்னுச்சு. போன்லயே கோளாறையும் அழிச்சுட்டேன்."

"அப்ப நான் மத்தியானம் வரைக்கும்..."

"நல்ல வண்டியத்தான் ரிப்பேர் பண்ணிட்டு இருந்தீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா ஆத்துக்குப் போயி அத்தன பேருக்கும் நான்தான மீன் கழுவியிருக்கணும்?" ஊக்கை வளையலில் மாட்டிக்கொண்டே உள்ளே போனவள் நின்று திரும்பினாள். "அடுத்த ஆடிக்கு நீங்க குனிய வேணாங்க. ப்ளக்க நானே புடுங்கிக்கறேன்."